மெதுவாகப் போக வேண்டிய சரக்கு

ஷிப்பிங் ஏஜென்சி கொடுத்த காலண்டரில்
அக்டோபர் மட்டும் கிழிபடவில்லை.
வரிசை வரிசையாய்த் திராட்சைக் கொடி, நடுவே மண்சாலை,
கல்சுவரில் சாய்த்துவைத்த இரண்டு சைக்கிள்.
ஆள் இல்லை.
"எங்க போயிருப்பாங்க?" என்று
நாலு வருஷமாய்க் கேட்கிறாள் செசிலி.

எனக்குத் தெரிந்த பிரான்ஸ் ஒரு கண்டெய்னர் நம்பர்.
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
உள்ளே கண்ணாடி, கவனம், இந்தப் பக்கம் மேலே.
சீல் உடையவில்லை என்று டிக் அடிப்பேன்.
வாசனைக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு
பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில்
நோரீன் வீட்டுப் பரணி திறந்தது.
பன்னீர் திராட்சை, பட்டை, கிராம்பு,
ஒரு கைப்பிடி கோதுமை, நாற்பது நாள் இருட்டு.
கழுவிக் காயவைத்த நல்லெண்ணெய் பாட்டில்களில்
எண்ணூர் வரைக்கும் ஒன்பது வீட்டுக்கு.
"பைக்ல போனா குலுங்கி மண்டி கலங்கிடும் மேன்.
சைக்கிள்ல போ. அவசரமே படாத."
அதுதான் எங்களுக்கு விழுந்த விசா முத்திரை.

அவள் கூடையில் நாலு,
என் கேரியரில் பழைய சேலை சுற்றிய ஐந்து.
வியாசர்பாடி தாண்டுவதற்குள்
பாட்டில்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டன.
ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் இறங்கினோம்.
பத்து வருஷமாய் பஸ்ஸில் தூங்கிக் கடந்த சாலையில்
இத்தனை முருங்கைமரம் இருப்பது
இறங்கினால்தான் தெரிகிறது.
பேசின் பிரிட்ஜ் மேட்டில் மூச்சு வாங்க நின்றபோது
கீழே ஒரு காலி ரயில்
தன்னைக் கழுவிக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தது.

மின்ட் முனையில் கைகாட்டினார் ஒரு ஏட்டு.
"இன்னாப்பா அது?"
"எண்ணெய் சார்."
"எண்ணெய் இவ்ளோ செவப்பாவா?"
நான் லேபிளைக் காட்டினேன்.
செசிலி உண்மையைச் சொன்னாள்.
மூடியைத் திருகி மூக்கருகே வைத்தவர்
கொஞ்ச நேரம் டிராஃபிக்கையே பார்க்கவில்லை.
பிறகு எங்களைவிட இறுக்கமாக மூடி,
"பாத்து, மெதுவா போ" என்றார்.
வேறெப்படிப் போவோம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு,
ராயபுரத்தில் மூன்று.
கல்மண்டபத்தில் காசுக்குப் பதில் நண்டு கொடுத்தார்கள்,
அது கூடையிலிருந்து ஒரு காலை நீட்டியபடி
மிச்ச ஊரைப் பார்த்துக்கொண்டு வந்தது.
காசிமேட்டில் ஏலம் முடிந்து ஐஸ் உருகிக் கிடக்க
ஸ்டானிஸ்லாஸ் தன் பங்கை வாங்கி
வலைக்கடியில் ஒளித்தான்,
யாரிடமிருந்து என்று சொல்லவில்லை.

அப்புறம் அந்த நீளமான கடலோரச் சாலை.
துறைமுகத்துக்குள் நுழையக் காத்து
ஒன்றின்பின் ஒன்றாக டிரெய்லர் லாரிகள்.
சக்கரங்களுக்கிடையே ஸ்டவ், கொதிக்கும் பருப்பு,
கட்டிய லுங்கித் தூளியில் ஒரு டிரைவரின் தூக்கம்.
சிவப்பு, நீலம், துருப்பிடித்த பச்சை.
நான் எழுத வேண்டிய நம்பர்கள் எல்லாம்
எழுதப்படாமல் என்னைத் தாண்டிப் பின்னால் போயின.
"காலண்டர் மாதிரியே இருக்குல்ல?" என்றாள்.
"எது?"
"வரிசைதான்."

எர்ணாவூர்ப் பாலத்துக்கு அப்பால் ஒன்று கொடுத்தோம்.
எண்ணூரில் ஒன்பதாம் வீடு பூட்டியிருந்தது.
வேளாங்கண்ணி போயிருக்கிறார்கள், வெள்ளிதான் வருவார்கள்
என்றது மாடியில் துணி காயப்போட்ட குரல்.
பூட்டையும் பாட்டிலையும் பார்த்தோம்.
ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முகத்துவாரம். அலை தடுக்கப் போட்ட கருங்கல்.
அனல்மின் சிம்னியின் புகை
எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் நின்றது.
மூடியில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தோம்.
முதலில் இனிப்பு, பிறகு கிராம்பு,
தொண்டைக்குக் கீழே
சொல்லத் தெரியாத ஒரு சூடு.
இதற்கும் தாளில் கட்டமில்லை.
பாதம் நனைக்கக் கல்லிறங்கினோம்.
அப்போது சாலையில் யாராவது போயிருந்தால்
இரண்டு சைக்கிளைப் பார்த்திருப்பார்கள்.

திரும்பி வந்தால்
என் பின்சக்கரத்தில் காற்று இல்லை,
நண்டும் இல்லை.
எர்ணாவூர் வரை தள்ளிக்கொண்டே நடந்தோம்.
நோரீனுக்கு ஒரு பாட்டில் காசு
நாங்கள் தரவேண்டும்.